அந்தப் போட்டோ இருக்குமா அக்கா?

விடிகாலை ஐந்தேகாலுக்குக் கடை ஷட்டரைத் தட்டினால் அது கல்யாணப் பத்திரிகைக்காக இருக்காது. மயிலாடுதுறையில் நான் டிடிபி கடை வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பின்கட்டில்தான் வீடு. தட்டுகிற விதத்திலேயே விஷயம் தெரிந்துவிடும். போன கார்த்திகையில் அப்படி ஒரு பையன் வந்து நின்றான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். "அக்கா, அப்பா ராத்திரி தவறிட்டாங்க. ஏழு மணிக்குள்ள போஸ்டர் ஒட்டணும். செல்போன்ல இருக்கறது எல்லாம் கூட்டத்துல நின்னு எடுத்தது. அறுபதாங் கல்யாணப் பத்திரிகையில போட்டீங்களே, அந்தப் போட்டோ இருக்குமா?"

எந்த வருடம் என்றேன். நினைவில்லை என்றான். கூறைநாடு என்று மட்டும் சொன்னான். திருக்கடையூர் பக்கத்தில் இருப்பதால் எங்கள் ஊரில் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் தனி வியாபாரம். கம்ப்யூட்டரைப் போட்டு, தேடும் பெட்டியில் "அறுபதாம் கூறைநாடு" என்று இரண்டு சொல் அடித்தேன். ஆறு வரி வந்தது. வீட்டுப் போன் நம்பரின் கடைசி நாலு எண்ணைக் கேட்டேன். மூன்றாவது வரி. உள்ளே "படம்" என்ற ஃபோல்டரில், 2016-இல் ஸ்டூடியோக்காரர் கொடுத்த அதே படம், வெட்டாமல் சுருக்காமல் இருந்தது. மாலையோடு சிரித்துக்கொண்டிருந்தார் மனிதர். மாலையை அழித்துவிட்டுத்தான் போஸ்டர் செய்ய வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் பத்திரிகைக்கு வந்தபோதுதான் அந்தப் பையன் கேட்டான், எப்படி அவ்வளவு சீக்கிரம் எடுத்தீர்கள் என்று. வங்கி பாஸ்புக், நிலப் பத்திரம், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றையும் அப்பா ஸ்கேன் பண்ணி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார், எதுவும் கிடைக்கவில்லை, எல்லாம் "ஸ்கேன்0001", "ஸ்கேன்0002" என்றே கிடக்கிறது என்றான். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் 1998-இல் ஒரு அச்சகத்தில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். விண்டோஸ் 95 வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஃபைல் பெயர் 255 எழுத்துவரை நீளலாம் என்று அது அனுமதித்துவிட்டது. ஆனால் முதலாளி டாஸ் காலத்து மனிதர். டாஸில் பெயருக்கு எட்டெழுத்து, புள்ளிக்குப் பின்னால் மூன்றெழுத்து, அவ்வளவுதான் இடம். அந்தக் கஞ்சத்தனம் அவர் கையைவிட்டுப் போகவில்லை. "கல்யா01", "கல்யா02" என்று ஆங்கில எழுத்தில் வைப்பார். முந்நூறாவது கல்யாணம் யாருடையது என்று அவருக்கே தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். ஒரு ஐப்பசி மழையில் நோட்டு நனைந்தது. அதோடு அந்த ஃபைல்கள் இருந்தும் இல்லாதவை ஆயின.

சொந்தக் கடை வைத்த பிறகு கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் வந்து "அந்த கோரல் டிரா ஃபைல் வேண்டும்" என்று கேட்டதில்லை. "பெரியவ கல்யாணத்துக்கு அடிச்சோமே, மயில் போட்டது" என்பார்கள். "போன தடவை கும்பாபிஷேகத்துக்கு அடிச்ச நோட்டீஸ்" என்பார்கள். கேட்கிறவர் எந்தச் சொல்லோடு வருவாரோ, அந்தச் சொல் ஃபைல் பெயரில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் கேட்கப்போகிறவர் நீங்கள்தான், மூன்று வருடம் கழித்து, அவசரத்தில். அல்லது அந்தப் பையன் மாதிரி உங்கள் பிள்ளை.

இதை எனக்குத் தெளிவாக்கியவர் ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர். ஊர் வரலாறு என்று ஒரு சின்னப் புத்தகம் டைப் அடிக்க வந்து, ப்ரூஃப் பார்க்கிற சாக்கில் இரண்டு மாதம் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அப்போது வருடத்துக்குள் வகை பிரித்து வைத்திருந்தேன்: கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அஞ்சலி, கோயில், கட்சி. பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு வேலையிலும் ஒரு தகராறு. கட்சிக்காரர் ஒருவர் கோயில் திருவிழாவுக்குத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டு பேனர் அடிப்பார். அது கோயிலா, கட்சியா? ஒருநாள் கோயிலில் போடுவேன், ஒருநாள் கட்சியில் போடுவேன். தேடும்போது இரண்டிலும் தேட வேண்டும்.

சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது சீர்காழிக்காரர் எப்பவோ தீர்த்துவச்ச சிக்கல்மா." எஸ். ஆர். ரங்கநாதனைச் சொன்னார். 1892-இல் சீர்காழியில் பிறந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். பெயரின் முதல் எழுத்தே சீர்காழிதான். வெள்ளைக்காரன் வாயில் அது "ஷியாலி". ஒரு புத்தகம் ஒரு அலமாரியில்தான் நிற்க முடியும், ஆனால் அதற்குப் பல முகங்கள் உண்டு. எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் என்று அந்த முகங்களைப் பிரித்தெடுத்து, நடுவில் முக்காற்புள்ளி வைத்துக் கோத்து எண் கொடுத்தார் ரங்கநாதன். அதனால்தான் 1933-இல் அவர் வெளியிட்ட அந்த முறைக்குக் கோலன் வகைப்பாடு என்று பெயர். லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மைச் செட்டைப் பார்த்தபோது இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்களாம். ஒரே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டினால் வேறு வேறு பொருள்.

அன்று ராத்திரியே வகை ஃபோல்டர்களைக் கலைத்துவிட்டேன். வகையைப் பெயருக்குள் கொண்டுபோனேன். இப்போது என் கடையில் வருடம் ஒரு ஃபோல்டர், அதற்குள் வேலைக்கு ஒரு ஃபோல்டர், அவ்வளவுதான். வேலையின் பெயர் இப்படி இருக்கும்: "2016-06-12 அறுபதாம் கல்யாணம் கூறைநாடு 4471". தேதி, என்ன விசேஷம், எந்த இடம், போன் நம்பரின் கடைசி நாலு எண். கட்சிக்காரரின் பேனரா? "திருவிழா கட்சி பேனர்" என்று இரண்டையும் பெயரிலேயே எழுதிவிட்டால் எதைத் தேடினாலும் வரும். ஒரு வேடிக்கை: ரங்கநாதனின் முக்காற்புள்ளியை மட்டும் விண்டோஸில் ஃபைல் பெயரில் வைக்க முடியாது. சி டிரைவ், டி டிரைவ் என்ற எழுத்துக்குப் பின்னால் அது ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள் குறி என்று மொத்தம் ஒன்பது குறிகளுக்கு அங்கே தடை.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்று எழுதினால் கம்ப்யூட்டர் முதல் இரண்டு எண்ணைப் பார்த்து அடுக்கும். 2014 ஜனவரி ஒன்றும் 2023 டிசம்பர் ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். வருடம், மாதம், நாள் என்று திருப்பிப் போட்டால் காலவரிசை தானாக வந்துவிடும். மாதம் ஜூன் என்றால் வெறும் 6 போடாமல் 06 போட வேண்டும். விண்டோஸ் இப்போது 2-ஐ 10-க்கு முன்னால் வைக்கும் அளவுக்குக் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது, ஆனால் எல்லா மென்பொருளும் அப்படி இல்லை.

ஃபைலிலேயே தேதி இருக்கிறதே, பெயரில் எதற்கு என்று என் உதவிக்கு வரும் பெண் கேட்டாள். அந்தத் தேதியை நம்பக் கூடாது. ஒரு ஃபைலைத் திறந்து ஒரு புள்ளி வைத்து சேவ் பண்ணினால் "மாற்றிய தேதி" இன்றைக்கு ஆகிவிடும். வேறு இடத்துக்குக் காப்பி எடுத்தால் "உருவாக்கிய தேதி" காப்பி எடுத்த நாளாகிவிடும். அப்படிக் காப்பி எடுத்த ஃபைல்களில், பிறப்பதற்கு முன்பே திருத்தப்பட்ட ஃபைல்களைப் பார்க்கலாம். நான் பெயரில் போடுவது வேலை செய்த தேதியும் அல்ல, விசேஷம் நடக்கிற தேதி. எந்த நாளில் ஆர்டர் கொடுத்தோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, கல்யாணத் தேதி மறக்காது. உங்கள் வீட்டு மின்கட்டண ரசீதென்றால் ரசீதில் அச்சாகியிருக்கும் தேதி, ஸ்கேன் செய்த தேதி அல்ல.

பெயரைத் தமிழில் வைப்பதா, ஆங்கில எழுத்திலா? நான் பல வருடம் ஆங்கில எழுத்தில் வைத்துக் கஷ்டப்பட்டேன். சண்முகத்தை ஒருவர் எஸ்ஸில் தொடங்குவார், இன்னொருவர் எஸ் ஹெச்சில். எழிலரசிக்கு இசட் ஹெச் உண்டா, வெறும் எல்லா? ஊர் பெயரையே மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை என்று மூன்று விதமாகச் சொல்கிற இடம் இது. அதை ஆங்கிலத்தில் எழுதினால் முப்பது விதம். இன்றைய விண்டோஸ் யூனிகோட் தமிழை ஃபைல் பெயரில் தாராளமாக ஏற்கும். ஏழெட்டு வருடமாகத் தமிழில்தான் வைக்கிறேன். வெளியூர் அச்சகத்துக்கு அனுப்புவதற்கு மட்டும் ஆங்கில எழுத்து. அங்கே பழைய ஜிப் மென்பொருள் இருந்தால் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகப் போய்ச் சேரும்.

தமிழில் வைப்பதில் ஒரு பொறி இருக்கிறது, நான் விழுந்தேன். "கொலு" என்று அடித்துத் தேடினால் கொலு நோட்டீஸ் வரவில்லை. கண் முன்னால் இருக்கிறது, தேடினால் இல்லை. கடைசியில் பார்த்தால், "கொ"வில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அடிக்கலாம். திரையில் இரண்டும் ஒரே உருவம். கம்ப்யூட்டருக்கு வேறு வேறு எழுத்து. காலுக்குப் பதில் "ர" அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், அது அதைவிட மோசம். ஒரே விசைப்பலகை முறையில் எப்போதும் அடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

வேலை ஃபோல்டருக்குள் நாலு சின்ன ஃபோல்டர்: மேட்டர், படம், டிசைன், அச்சுக்கு. "காலி" என்ற பெயரில் இந்த நாலும் வெறுமையாக இருக்கிற ஃபோல்டர் ஒன்று வைத்திருக்கிறேன். புது ஆர்டர் வந்தால் அதைக் காப்பி எடுத்துப் பெயரை மாற்றுவேன். பத்து விநாடி. அந்த "அச்சுக்கு" ஃபோல்டர் எனக்கு நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த பாடம். 2006-இல் ஒரு கல்யாணம். முகூர்த்தம் காலை ஆறிலிருந்து ஏழரை என்று அடித்துக் கொடுத்தேன். ஜோசியர் மாற்றி ஒன்பதிலிருந்து பத்தரை என்றார். மாற்றினேன். மாப்பிள்ளை வீட்டார் தாத்தா பெயருக்கு முன்னால் "தெய்வத்திரு" விட்டுப்போனது என்றார்கள். சேர்த்தேன். டெஸ்க்டாப்பில் "ஃபைனல்", "ஃபைனல் ஓகே", "ஃபைனல் ஓகே நியூ", "ஃபைனல் பிரிண்ட்" என்று நாலு ஃபைல். அச்சுக்குப் போனது "ஃபைனல் பிரிண்ட்". அதில் தெய்வத்திரு இருந்தது, முகூர்த்தம் பழையது. அறுநூறு பத்திரிகை. பெண்ணின் அப்பா சத்தம் போடவில்லை, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அது சத்தம் போட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது. முழுவதையும் என் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

அன்றோடு "ஃபைனல்" என்ற சொல் என் கடையில் செத்தது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் எண்: 01, 02, 03. வாடிக்கையாளர் ப்ரூஃபில் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த எண்ணை மட்டும் பிடிஎஃப் ஆக்கி "அச்சுக்கு" ஃபோல்டரில் வைப்பேன். அங்கே எப்போதும் ஒரே ஒரு ஃபைல்தான் இருக்கலாம். பழைய எண்களை அழிப்பதில்லை. மூன்றாம் திருத்தத்தில் வேண்டாம் என்ற அத்தை பெயர் ஆறாம் திருத்தத்தில் திரும்பி வரும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் எவ்வளவு ஆழம் போகலாம் என்று கேட்கிறார்கள். மூன்றுக்கு மேல் போனால் எனக்குப் பொறுமை இல்லை. விண்டோஸுக்கும் ஓரளவுக்கு மேல் இல்லை. டிரைவ் எழுத்திலிருந்து ஃபைல் பெயர் முடிய மொத்தப் பாதையும் 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் பழைய கணக்கு. பல மென்பொருள்கள் இன்னும் அதைத் தாண்டத் திணறும். தமிழில் இது இன்னும் சீக்கிரம் தீரும். "மயிலாடுதுறை" நமக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டர் கொம்பையும் காலையும் தனியாக எண்ணும், அதற்குப் பதினொன்று.

இனி டெஸ்க்டாப். பலர் வீட்டில் திரை முழுக்க ஐகான்; பின்னால் வைத்திருக்கும் பேரப்பிள்ளை படம் தெரியாது. நானும் அப்படித்தான் இருந்தேன். கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று நடப்பு வேலை எல்லாம் அங்கே. 2013-இல் மெஷின் ஊர ஆரம்பித்தது. சர்வீஸ் ஆள் வந்தார், "டி டிரைவைத் தொடமாட்டேன், சி-யை மட்டும் ஃபார்மட் பண்ணி விண்டோஸ் புதுசாப் போடறேன்" என்றார். நானும் தலையாட்டினேன். டெஸ்க்டாப் என்பது ஏதோ திரையில் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம் என்று நினைத்திருந்தேன். அது சி டிரைவுக்குள், யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள், நம் பெயரில் இருக்கும் ஃபோல்டருக்குள் கிடக்கிற சாதாரண ஃபோல்டர்தான். டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் பக்கத்து அறையில் அங்கேதான். ஒரு மணி நேரத்தில் மெஷின் புதிதாக ஓடியது. ஐந்து மாத வேலை போயிருந்தது.

அந்த ஐந்து மாதத்துக்குள் ஒரு பெரியவருக்கு எண்பதாம் கல்யாணப் பத்திரிகை அடித்திருந்தேன். தை மாதம் அவர் காலமானார். மகள் வந்து அந்தப் போட்டோவைக் கேட்டார். இல்லை என்று சொன்னேன். வாக்காளர் அடையாள அட்டையில் இருந்த படத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். அது யாருடைய முகம் என்று தெருவில் நின்று பார்த்தவர்கள் பெயரைப் படித்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார்கள்.

டெஸ்க்டாப்பில் வைக்கலாம், ஆனால் அதன் இருப்பிடத்தை மாற்றிவிடுங்கள். ஃபைல் எக்ஸ்புளோரரில் டெஸ்க்டாப் மேல் வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ். டி டிரைவில் ஒரு ஃபோல்டரைக் காட்டினால் போதும், திரையில் எதுவும் மாறாது. டாக்குமென்ட்ஸுக்கும் அப்படியே. ஆனால் டி-யில் இருந்தால் பத்திரம் என்று தூங்கிவிட வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கில் தடுத்த இரண்டு அறை. கூரை விழுந்தால் இரண்டு அறைக்கும் சேர்த்துத்தான்.

ஃபைல் எப்படித் தொலைகிறது, எப்படிக் கிடைக்கிறது என்று புரிய எங்கள் டெல்டாக்காரர்களுக்கு ஒரு உதாரணம் போதும். டிஸ்க் என்பது நிலம். அதோடு ஒரு பதிவேடு இருக்கிறது, எந்த ஃபைல் எந்த வயலில் என்று. ஒரே டிரைவுக்குள் ஃபைலை நகர்த்தினால் பட்டா பெயர் மாற்றம் மாதிரி, பதிவேட்டில் ஒரு வரிதான் மாறும். அதனால்தான் பத்து ஜிபி வீடியோவும் கண் மூடித் திறப்பதற்குள் நகர்கிறது. பென் டிரைவுக்கு நகர்த்துவது அப்படி அல்ல, விளைச்சலை அறுத்து வண்டியேற்றி இன்னொரு ஊரில் கொட்டுவது. பாதி வழியில் கரண்ட் போகும், யாராவது பென் டிரைவைப் பிடுங்குவார்கள். கட் பண்ணி பேஸ்ட் பண்ணாதீர்கள். காப்பி எடுத்து, போன இடத்தில் ஒரு தடவை திறந்து பார்த்து, அப்புறம் இங்கே அழியுங்கள்.

அழிப்பதும் பதிவேட்டில் அந்த வரியை அடிப்பதுதான். பழைய ஹார்ட் டிஸ்க்கில் வேறு எதையாவது அதன் மேல் எழுதும்வரை பயிர் அங்கேயே நிற்கும். தவறி அழித்துவிட்டால் மெஷினில் மேற்கொண்டு எதையும் சேவ் பண்ணாமல், அணைத்துவிட்டு, மீட்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோனால் பல சமயம் கிடைக்கும். இப்போது வருகிற எஸ்எஸ்டி டிஸ்க் வேகம் அதிகம், இரக்கம் குறைவு. அழித்த இடத்தை அதுவே பின்னால் உழுது போட்டுவிடும். ரீசைக்கிள் பின் இருக்கிறதே என்பவர்களுக்கு: பென் டிரைவில் அழித்தது பொதுவாக அங்கே வராது, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அழித்ததும் வராது.

சில சமயம் ஃபோல்டர் தொலைந்திருக்கவே இருக்காது. மவுஸ் கை நழுவி, பக்கத்து ஃபோல்டருக்குள் போய் விழுந்திருக்கும். உடனே கன்ட்ரோல் இசட் அழுத்தினால் திரும்பி வரும். இதைச் சொல்லியே எத்தனை பேர் அழுகையை நிறுத்தியிருக்கிறேன்.

பென் டிரைவ் கதைகள் என்னிடம் ஒரு மூட்டை. புராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் போட வரும் கல்லூரிப் பிள்ளைகளில் வருடத்துக்கு நாலு பேராவது வெறும் ஷார்ட்கட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஐகான் மூலையில் சின்ன வளைந்த அம்பு இருந்தால் அது ஃபைல் அல்ல, ஃபைல் இருக்கும் வீட்டின் விலாசம். எண்பது பக்க ரிப்போர்ட் ஒரு கேபி, இரண்டு கேபி என்று காட்டினால் சந்தேகப்பட வேண்டும். வேறு சிலர் பென் டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிட்டது என்று அலறிக்கொண்டு வருவார்கள். அது வைரஸ் வேலை. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் பொறி வைக்கும். சொடுக்காதீர்கள். எக்ஸ்புளோரரில் வியூ போய் "ஹிட்டன் ஐட்டம்ஸ்" தெரியும்படி செய்தால் பல சமயம் மங்கலாகத் தெரியும், இன்னும் ஆழமாக மறைத்திருந்தால் அட்ரிப் என்ற கட்டளை வேண்டும். வியூவில் இருக்கும்போதே "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதையும் டிக் செய்துவிடுங்கள். 2000 மே மாதம் உலகையே கலங்கடித்த ஐ லவ் யூ வைரஸ் ஒரு காதல் கடிதம் போல வந்தது. பெயரின் வால் மறைந்திருந்ததால் அது வெறும் டெக்ஸ்ட் ஃபைல் என்று நம்பித்தான் ஆட்கள் திறந்தார்கள்.

இப்போது மேட்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, எல்லாம் டவுன்லோட்ஸில் குவிகிறது. டவுன்லோட்ஸ் எங்கள் வீட்டுத் திண்ணை மாதிரி. வந்தவர் உட்காரலாம், ராத்திரி தங்கக் கூடாது. கடை அடைக்கும் முன் அதைக் காலி பண்ணுவது என் உதவிப் பெண்ணின் வேலை. எஃப்2 அழுத்திப் பெயரை மாற்றி, டேப் தட்டினால் அடுத்த ஃபைலின் பெயருக்குத் தானாகப் போகும், மவுஸே வேண்டாம். போட்டோ அனுப்புகிறவர்களிடம் "டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும்; செல்போனில் நன்றாகத் தெரியும், ஆறடி பேனரில் முகம் கட்டம் கட்டமாகிவிடும்.

தேடுவதற்கு எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருளை வைத்திருக்கிறேன். விண்டோஸின் சொந்தத் தேடல், நாம் சொல்லாவிட்டால், பெரும்பாலும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் மாதிரி இடங்களைத்தான் முன்கூட்டியே பட்டியலிட்டு வைக்கும். டி டிரைவில் தேடச் சொன்னால் காபி குடித்துவிட்டு வரலாம். எவ்ரிதிங் நேராக அந்தப் பதிவேட்டையே படிப்பதால் எழுத்து அடிக்க அடிக்க வரும். ஆனால் அது தேடுவது பெயரைத்தான். "ஸ்கேன்0001" என்று வைத்தவருக்கு அது என்ன செய்யும்?

மாதிரிகளுக்குத் தனி இடம் வேண்டும் என்பது 2020 டிசம்பரில் உறைத்தது. மயிலாடுதுறை தனி மாவட்டமானது. கடைகளின் லெட்டர்ஹெட், பில் புத்தகம், பள்ளிக்கூட ரசீது, எல்லாவற்றிலும் "நாகப்பட்டினம் மாவட்டம்". மாதிரிகள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்ததால் ஒரு வாரத்தில் மாற்றி முடித்தேன். பக்கத்துத் தெருவில் ஒருவர் இரண்டு வருடம் கழித்தும் நாகப்பட்டினம் மாவட்டம் என்றே அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாதிரி ஃபைலை ப்ராப்பர்ட்டீஸில் "ரீட் ஒன்லி" ஆக்கிவிடுங்கள். மறந்து அதன் மேலேயே சேவ் பண்ணப் போனால் தடுக்கும்.

காப்புப் பிரதி பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சொல்லிவிடுகிறேன். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு: மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வேறு இடத்தில். என் கணக்கில் கடை மெஷின் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, தங்கை வீட்டில் குத்தாலத்தில் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் காப்பி. மாதம் ஒருமுறை குத்தாலம் போகும்போது டிஸ்க்கை மாற்றிக்கொள்வேன். காப்பி முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுவேன். 2017 மே மாதம் வந்த வான்னாக்ரை மாதிரிப் பணம் பறிக்கும் வைரஸ்கள் மெஷினோடு இணைந்திருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருகிறது, வீட்டுக் காகிதங்களுக்கு அது தாராளம். ஆனால் இணைத்து வைத்த ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கோரல் டிரா தானாகச் செய்து வைக்கும் "பேக்கப் ஆஃப்" ஃபைலைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறவர்களும் உண்டு. அது அதே ஃபோல்டரில்தான் இருக்கிறது.

இவ்வளவு சொல்கிற என் டி டிரைவில் "பழைய சிஸ்டம்" என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் "பழைய சிஸ்டம் 2009", அதற்குள் "ராஜா மெஷின் காப்பி", அதற்குள் மறுபடி "பழைய சிஸ்டம்". உரிக்க உரிக்க வெங்காயம். 2013-இல் தப்பித்தது அதுதான். ஒழுங்கு பண்ணப் பல தீபாவளி விடுமுறை உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இப்போது விட்டுவிட்டேன். மூன்று டிஸ்க்கிலும் அப்படியே காப்பி இருக்கிறது, எவ்ரிதிங் அதற்குள்ளும் போய்த் தேடும்.

இந்த மாசியில் ஒரு அம்மா வந்தார். 2001-இல் தன் கல்யாணத்துக்கு அந்தப் பழைய அச்சகத்தில் நான்தான் மேட்டர் அடித்தேனாம். மகளுக்கு இப்போது கல்யாணம். அவருடைய மாமனார் சொந்தமாக எழுதிக் கொடுத்த அழைப்பு வாசகத்தை அப்படியே மகளுக்கும் போட வேண்டும், பத்திரிகை ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஊர் பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக அடித்துப் பார்த்ததில் வெங்காயத்தின் நடுவில் ஒரு பேஜ்மேக்கர் ஃபைல் அகப்பட்டது. மூலையில் இதற்காகவே வைத்திருக்கும் பழைய எக்ஸ்பி மெஷினில் திறந்தேன். ஃபான்ட் இல்லை; அது சி டிரைவோடு 2013-இல் போனது. தமிழ் இருந்த இடமெல்லாம் கன்னாபின்னா ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும்.

அந்த அம்மாவை உட்காரச் சொன்னேன். அது நான் தட்டச்சு முறையில் அடித்தது. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று தலைக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். திரையைப் பார்த்துக்கொண்டே மேசைமேல் வெறும் விரலால் தட்டித் தட்டி, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். நாலாவது வரியில் நான் சொல்வதற்கு முன்பே மீதியை அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.